டிரெய்லர் லாரி ஓட்ட எந்த உரிமம் தேவை? எவ்வளவு எடை ஏற்றலாம்? சட்டம் கூறும் விதிகள் - முழு விவரம்

புது டெல்லி: துறைமுகங்களிலிருந்து கண்டெய்னர்களையும், எஃகு ஆலைகளிலிருந்து இரும்புச் சுருள்களையும், வயல்களிலிருந்து கரும்பையும் சுமந்து செல்லும் டிரெய்லர்கள் நாட்டின் சரக்குப் போக்குவரத்துக்கு இன்றியமையாதவை. அவற்றை இழுத்துச் செல்ல எந்த வகை ஓட்டுநர் உரிமம் வேண்டும், எத்தனை டன் வரை ஏற்றலாம், விதியை மீறினால் யார் பொறுப்பு ஆகிய கேள்விகளுக்கு 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் விடை கூறுகின்றன. அந்த விடைகளை அறியாமல் சாலைக்கு வருவோர் அபராதத்தை மட்டுமல்ல, விபத்து நேர்ந்தால் பல லட்சம் ரூபாய் இழப்பீட்டுச் சுமையையும் எதிர்கொள்ள நேரிடும்.

டிரெய்லர், செமி டிரெய்லர்: வேறுபாடு என்ன?

பேச்சு வழக்கில் நீளமான எல்லா லாரிகளையும் டிரெய்லர் என்றே அழைக்கிறோம். சட்டமோ இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டுகிறது.

மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் வண்டி டிரெய்லர் எனப்படும். அது தன் சுமையைத் தன் சக்கரங்களின் மீதே தாங்கி நிற்கும். டிராக்டரின் பின்னால் கொக்கியில் மாட்டப்படும் வண்டி இதற்கு எளிய எடுத்துக்காட்டு. செமி டிரெய்லரின் அமைப்பு வேறு. அதன் முன்பகுதி இழுக்கும் வாகனத்தின் மீது அமர்ந்திருக்கும். எடையின் ஒரு பகுதியை அந்த வாகனமே தாங்கும். செமி டிரெய்லர் இணைக்கப்பட்ட மோட்டார் வாகனத்தைச் சட்டம் தனி வகையாக வரையறுக்கிறது. நெடுஞ்சாலைகளில் காணப்படும் பெரும்பாலான கண்டெய்னர் லாரிகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

சுமை எந்தச் சக்கரங்களின் மீது இறங்குகிறது என்பதை இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது. எடை விதிகளும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

எடையின் அடிப்படையில் டிரெய்லர்கள் நான்கு பிரிவுகளாகவும் வகைப்படுத்தப்படுகின்றன. மொத்த எடை 0.75 டன்னுக்கு மிகாதவை டி1, 0.75 டன்னுக்கு மேல் 3.5 டன் வரை டி2, 3.5 டன்னுக்கு மேல் 10 டன் வரை டி3. 10 டன்னைத் தாண்டுபவை டி4.

உரிமம் பெறத் தகுதி என்ன?

கனரக டிரெய்லரை ஓட்டுவதற்குப் போக்குவரத்து வாகனம் ஓட்டும் உரிமம் தேவை. முன்பு நடுத்தர சரக்கு வாகனம், கனரக சரக்கு வாகனம் எனத் தனித்தனியாக இருந்த உரிம வகைகள், 1994-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் போக்குவரத்து வாகனம் என்ற ஒரே வகைக்குள் கொண்டுவரப்பட்டன.

இந்த உரிமத்துக்கு நான்கு முக்கிய நிபந்தனைகள் உள்ளன.

* விண்ணப்பதாரர் 20 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். சாதாரண கார் உரிமத்துக்கு 18 வயது போதும்.

* இலகு ரக மோட்டார் வாகன உரிமத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். அதன் பிறகே போக்குவரத்து வாகனத்துக்கான பழகுநர் உரிமம் கிடைக்கும்.

* படிவம் 1ஏ-இல் மருத்துவச் சான்று அளிக்க வேண்டும்.

* அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்றிதழைச் சமர்ப்பிக்க வேண்டும்.

குறைந்தபட்சம் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி தேவை என்ற விதி 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் நீக்கப்பட்டது. எனவே, பள்ளிப் படிப்பு இல்லாதவர்களும் இப்போது விண்ணப்பிக்கலாம். ஆனால், பயிற்சியிலும் திறன் தேர்விலும் தளர்வு இல்லை.

போக்குவரத்து வாகன உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். பெட்ரோலியப் பொருள்கள், அமிலங்கள், எரிவாயு போன்ற அபாயகரமான சரக்குகளை ஏற்றிச் செல்வோருக்கான உரிமம் 3 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லுபடியாகும். அவர்கள் தனிப் பயிற்சி பெற வேண்டும். புதுப்பிக்கும்போது புத்தாக்கப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும்.

உரிய உரிமம் இல்லாமல் ஓட்டுபவருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 3 மாதங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அத்தகையவரிடம் வாகனத்தை ஒப்படைக்கும் உரிமையாளரும் தண்டனைக்கு உரியவரே.

7,500 கிலோ: எல்லைக்கோடு

எந்த உரிமம் போதும் என்பதைத் தீர்மானிக்கும் முதல் எண் 7,500 கிலோ. மொத்த வாகன எடை இந்த அளவைத் தாண்டாத போக்குவரத்து வாகனம், இலகு ரக மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் வருகிறது. கார், டிராக்டர், சாலை உருளை ஆகியவற்றுக்குச் சுமையற்ற எடை கணக்கில் கொள்ளப்படுகிறது. மொத்த வாகன எடை 12,000 கிலோவைத் தாண்டினால் அது கனரக சரக்கு வாகனம். இடைப்பட்டவை நடுத்தர சரக்கு வாகனங்கள்.

இலகு ரக உரிமம் வைத்திருப்பவர் சிறிய சரக்கு வாகனத்தை ஓட்டலாமா என்ற கேள்வி பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் விவாதிக்கப்பட்டது. ஓட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு கூறியது. அதன் மீது எழுந்த ஐயங்களை, 2024-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்த்துவைத்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை ஓட்ட இலகு ரக உரிமமே போதும். தனி மேலொப்பம் தேவையில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அபாயகரமான சரக்கு வாகனங்கள், மின் ரிக்‌ஷாக்கள் போன்ற சிறப்பு வகைகளுக்கு இது பொருந்தாது.

இந்தத் தீர்ப்பைக் காட்டி கனரக டிரெய்லரை ஓட்ட முடியாது. அத்தகைய டிரெய்லர் லாரியின் பதிவு செய்யப்பட்ட மொத்த எடை 7,500 கிலோவைப் பல மடங்கு தாண்டியிருக்கும்.

டிராக்டரும் டிரெய்லரும்

வேளாண் டிராக்டரை மத்திய மோட்டார் வாகன விதிகள் போக்குவரத்து அல்லாத வாகனமாகக் கருதுகின்றன. வயலில் கருவிகளுடன் இயங்குவதற்கும், டிரெய்லர் பூட்டி வேளாண் பொருள்களைக் கொண்டு செல்வதற்கும் உருவாக்கப்பட்ட வாகனம் என்பதே அதன் வரையறை.

டிராக்டருக்கு உரிமம் வைத்திருப்பவர், அதனுடன் டிரெய்லர் இணைக்கப்பட்டவுடன் தகுதி இழந்துவிடுகிறாரா? இல்லை என்று 2001-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. டிரெய்லர் பூட்டப்பட்டது என்ற காரணத்துக்காக மட்டும் அவருடைய உரிமம் செல்லாததாகிவிடாது.

இதற்கு மறுபுறமும் உண்டு. டிராக்டரும் டிரெய்லரும் இணைந்து சரக்கு ஏற்றும் வாகனமாகப் பயன்படுத்தப்படும்போது, அந்த இணைப்பு சரக்கு வாகனமாகவே கருதப்படும், அதற்கு உரிய அனுமதி தேவை என்று கர்நாடக மாநில வழக்கு ஒன்றில் 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செங்கல், மணல், ஜல்லி ஆகியவற்றை வாடகைக்கு ஏற்றிச் செல்லும் டிராக்டர் உரிமையாளர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வேளாண் பயன்பாட்டுக்கென வாங்கிய காப்பீடு, வணிகப் பயன்பாட்டின்போது நேரும் விபத்துக்குக் கைகொடுக்காமல் போகலாம்.

டிராக்டர் டிரெய்லர்களில் ஆட்களை ஏற்றுவது மற்றோர் ஆபத்து. உத்தரப் பிரதேச மாநிலம் கான்பூர் மாவட்டத்தின் காட்டம்பூர் பகுதியில் 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி, கோயிலிலிருந்து திரும்பிய பக்தர்களை ஏற்றி வந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. குறைந்தது 26 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். டிராக்டர் டிரெய்லர்களை வேளாண் பணிகளுக்கும் சரக்குக்கும் மட்டுமே பயன்படுத்துமாறு மாநில முதலமைச்சர் அதன் பின்னர் வேண்டுகோள் விடுத்தார். டிரெய்லரில் இருக்கைகளோ, பிடிமானமோ, கவிழும்போது பாதுகாக்கும் கூரையோ இல்லை.

பதிவுச் சான்றிதழில் பார்க்க வேண்டிய எண்கள்

எவ்வளவு ஏற்றலாம் என்ற கேள்விக்கான விடை ஒவ்வொரு வாகனத்தின் பதிவுச் சான்றிதழிலும் எழுதப்பட்டிருக்கிறது. சரக்கு வாகனத்தைப் பதிவு செய்யும்போது நான்கு விவரங்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் குறிக்க வேண்டும்: சுமையற்ற எடை, ஒவ்வொரு சக்கரத்துக்கும் உரிய டயர்களின் எண்ணிக்கையும் அளவும், மொத்த வாகன எடை, ஒவ்வோர் அச்சுக்கும் பதிவு செய்யப்பட்ட எடை.

மொத்த வாகன எடை என்பது சரக்கின் எடை மட்டுமன்று. வாகனமும் சுமையும் சேர்ந்த எடை. பலரும் தவறு செய்யும் இடம் இதுவே. 55 டன் என்று பதிவான இணைப்பில் இழுவை வாகனமும் டிரெய்லரும் சேர்ந்து 16 டன் எடை கொண்டவை எனக் கொண்டால், ஏற்றக்கூடிய சரக்கு 39 டன் மட்டுமே. தார்ப்பாய், சங்கிலி, கட்டை, எரிபொருள் ஆகியவற்றின் எடையும் எடை மேடையில் சேர்ந்தே காட்டும்.

அச்சு வாரியாக எடை வரம்பு

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம் 2018-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி வெளியிட்ட அறிவிக்கை, அச்சுகளுக்கான பாதுகாப்பான எடை வரம்பை உயர்த்தியது. அதன்படி முக்கிய வரம்புகள்:

* இரண்டு டயர்கள் கொண்ட ஒற்றை அச்சு - 7.5 டன் (முன்பு 6 டன்)

* நான்கு டயர்கள் கொண்ட ஒற்றை அச்சு - 11.5 டன் (முன்பு 10.2 டன்)

* இரட்டை அச்சுத் தொகுதி - 21 டன் (முன்பு 19 டன்)

* மூன்று அச்சுத் தொகுதி - 27 டன் (முன்பு 24 டன்)

இவற்றைக் கூட்டினால் வாகனத்தின் மொத்த எடை வரம்பு தெரியவரும். முன்னால் ஒற்றை அச்சும் பின்னால் இரட்டை அச்சும் கொண்ட மூன்று அச்சு லாரிக்கு 7.5 டன்னும் 21 டன்னும் சேர்ந்து 28.5 டன். முன்பு இது 25 டன்னாக இருந்தது.

கூட்டுத்தொகைக்கு மேல் ஓர் உச்சவரம்பும் உள்ளது. இணைப்பில்லாத ஒற்றை உடல் லாரிக்கு 49 டன். செமி டிரெய்லர், லாரி-டிரெய்லர் இணைப்புகளுக்கு 55 டன். மூன்று அச்சு இழுவை வாகனத்துடன் மூன்று அச்சு செமி டிரெய்லரை இணைத்தால் அச்சுக் கணக்கு 7.5, 21, 27 என 55.5 டன்னாகிறது. எனினும் அனுமதிக்கப்படுவது 55 டன் மட்டுமே.

அறிவிக்கையின் அட்டவணையைக் காட்டி எந்த வாகனத்திலும் கூடுதல் சுமை ஏற்றிவிட முடியாது. சாலைச் சோதனையில் கணக்கில் எடுக்கப்படுவது குறிப்பிட்ட வாகனத்தின் பதிவுச் சான்றிதழில் உள்ள எடையே. பழைய வரம்பில் பதிவான வாகனத்துக்கு அந்த எண்ணே பொருந்தும்.

மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் ஓர் அச்சின் மீது சுமை மிகுந்துவிடலாம். இரும்புச் சுருள், இயந்திரம், கிரானைட் பாளம் போன்றவை சிறிய இடத்தில் பேரளவு எடை கொண்டவை. அவற்றை டிரெய்லரின் பின்கோடியில் வைத்தால் பின் அச்சுகள் வரம்பைத் தாண்டும். இழுவை வாகனத்தின் மீது போதிய அழுத்தம் இல்லாமல் சக்கரங்களின் பிடிப்பு குறையும். முன்கோடியில் வைத்தால் இழுவை வாகனத்தின் பின் அச்சுகள் திணறும். எனவே சரக்கின் எடை மையம் எங்கே அமைகிறது என்பதை ஏற்றும் இடத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.

மிகப் பெரிய சரக்குகளுக்குத் தனி ஏற்பாடு

மின்மாற்றி, காற்றாலை உதிரிபாகம், கொதிகலன், பாலத்துக்கான எஃகு உத்தரம் ஆகியவற்றைப் பிரித்து ஏற்ற முடியாது. இவற்றுக்காக வரிசை வரிசையாகச் சக்கரங்கள் கொண்ட ஹைட்ராலிக் டிரெய்லர்கள் பயன்படுத்தப்படுகின்றன. 55 டன் உச்சவரம்பு இவற்றுக்குப் பொருந்தாது. ஓர் அச்சு வரிசைக்கு 18 டன் என்பது இவற்றுக்கான அளவு. பத்து வரிசைகள் கொண்ட டிரெய்லர், தன் எடையையும் சேர்த்து 180 டன் வரை தாங்கலாம்.

அனுமதிக்கப்பட்ட நீளம், அகலம், உயரம், எடை ஆகியவற்றைத் தாண்டும் பயணத்துக்கு முன்அனுமதி கட்டாயம். சாதாரண வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட அகலம் 2.6 மீட்டர். செல்லும் வழியில் உள்ள பாலங்கள் அந்தச் சுமையைத் தாங்குமா என்பது அனுமதி அளிக்கப்படும் முன் பரிசீலிக்கப்படுகிறது. ஒரே ஒரு பலவீனமான பழைய பாலம் முழு வழித்தடத்தையும் மாற்றிவிடக்கூடும்.

சோதனையும் அபராதமும்

அதிக சுமை ஏற்றப்பட்டிருப்பதாகக் கருதும் அதிகாரி, வாகனத்தை எடை மேடைக்குக் கொண்டு செல்லுமாறு உத்தரவிடலாம். அந்த எடை மேடை, வாகனம் செல்லும் திசையில் 10 கிலோமீட்டருக்குள்ளோ, சேரும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும். அதிகப்படி சுமை உறுதியானால் அதை இறக்கும் வரை வாகனத்தை நகர்த்தக் கூடாது. இறக்கும் செலவும், இறக்கிய சரக்கின் பாதுகாப்பும் வாகனத் தரப்பின் பொறுப்பு.

2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. அதிக சுமைக்கு அடிப்படை அபராதம் 2,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாக உயர்ந்தது. அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்குமான தொகை 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயானது. 55 டன் வாகனம் 63 டன்னுடன் பிடிபட்டால், அடிப்படை அபராதம் 20,000 ரூபாயும், 8 டன்னுக்கு 16,000 ரூபாயும் சேர்த்து 36,000 ரூபாய் ஆகும். சுமை இறக்கும் கட்டணம் இதில் அடங்காது. குற்றத்தை நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொள்வதற்கான இணக்கக் கட்டணத்தை மாநில அரசுகள் நிர்ணயிப்பதால், நடைமுறையில் தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடலாம்.

சரக்கு பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, அனுமதிக்கப்பட்ட உயரத்துக்கு மேலோ நீண்டிருந்தால் அதற்கும் 20,000 ரூபாய் அபராதம். எடை போட நிறுத்த மறுக்கும் ஓட்டுநருக்கு 40,000 ரூபாய்.

அதிக சுமை ஏற்றச் சொன்னது யார் என்ற கேள்வியைச் சட்டம் ஓட்டுநரோடு நிறுத்தவில்லை. ஓட்டுநர் உரிமையாளராக இல்லாதபோது, குற்றம் உரிமையாளருக்குத் தெரிந்தோ அவருடைய உத்தரவின் பேரிலோ நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம். முதலாளி சொன்னதை மறுக்க முடியாத நிலையில் உள்ள ஓட்டுநர்களுக்கு இப்பிரிவு ஓரளவு பாதுகாப்பு தருகிறது.

எடை வரம்பு எதற்காக?

அச்சு எடை கூடும்போது சாலைக்கு நேரும் சேதம் அதே விகிதத்தில் கூடுவதில்லை; பல மடங்காகப் பெருகுகிறது. அமெரிக்காவில் 1950-களின் இறுதியில் நடத்தப்பட்ட சாலைச் சோதனையிலிருந்து பெறப்பட்ட பொது விதிப்படி, சேதம் ஏறத்தாழ அச்சு எடையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. அதாவது, 20 விழுக்காடு கூடுதல் எடை ஏறத்தாழ இரு மடங்கு சேதத்தை விளைவிக்கும். எடை இரு மடங்கானால் சேதம் 16 மடங்காகும்.

பிரேக் அமைப்பு பதிவு செய்யப்பட்ட எடைக்கு ஏற்பவே வடிவமைக்கப்படுகிறது. எடை கூடினால் நிற்கும் தூரம் நீளும். நீண்ட மலைச்சாலை இறக்கத்தில் பிரேக்குகள் சூடேறித் திறன் இழக்கும். செமி டிரெய்லரில் மற்றோர் ஆபத்தும் உண்டு. இழுவை வாகனத்தின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, பின்னால் வரும் டிரெய்லர் தொடர்ந்து தள்ளினால், இரண்டும் இணைப்பு முனையில் கத்தி மடிவதைப் போல மடிந்து சாலையை அடைத்துவிடும். ஈரச் சாலையிலும், டிரெய்லரின் பிரேக் சரியாக இயங்காதபோதும் இதற்கான வாய்ப்பு மிகுதி.

பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு

டிரெய்லருக்கு இயந்திரம் இல்லை என்பதால் பதிவு தேவையில்லை எனக் கருதுவது தவறு. பிற மோட்டார் வாகனங்களைப் போலவே டிரெய்லரும் பதிவு செய்யப்பட வேண்டும். அதன் பதிவெண் பக்கவாட்டில் எழுதப்பட வேண்டும். இழுக்கும் வாகனத்தின் பதிவெண், டிரெய்லரின் மீது, ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் கடைசி டிரெய்லரின் மீது காணப்பட வேண்டும்.

போக்குவரத்து வாகனத்துக்குத் தகுதிச் சான்று அவசியம். எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன் பின் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் உள்ள மின்னணு ஆவணங்கள் சோதனையின்போது ஏற்கத்தக்கவை.

காப்பீடு எடுக்கும்போது இழுவை வாகனத்துடன் டிரெய்லரும் அதில் சேர்க்கப்பட்டுள்ளதா என உறுதி செய்துகொள்ள வேண்டும். ஓட்டுநருக்கு உரிய உரிமம் இல்லாத வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீடு வழங்கி, பின்னர் அதை உரிமையாளரிடமிருந்து வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதிப்பதுண்டு. உரிமையாளர் தெரிந்தோ, போதிய கவனமின்றியோ தகுதியற்றவரை அமர்த்தினார் என்பதை நிறுவும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துடையது என 2004-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஆகவே, ஓட்டுநரைப் பணியில் சேர்க்கும்போதே அவருடைய உரிமத்தின் வகையையும் செல்லுபடிக் காலத்தையும் சரிபார்ப்பது உரிமையாளருக்கு நல்லது.

புறப்படும் முன் சரிபார்க்க வேண்டியவை

* ஓட்டுநர் உரிமத்தில் போக்குவரத்து வாகன வகை குறிக்கப்பட்டுள்ளதா, அது காலாவதியாகாமல் உள்ளதா.

* இழுவை வாகனம், டிரெய்லர் இரண்டுக்கும் பதிவுச் சான்றிதழ், தகுதிச் சான்று, காப்பீடு, அனுமதி ஆகியவை உள்ளனவா.

* எடை மேடைச் சீட்டில் உள்ள எடை, பதிவுச் சான்றிதழில் உள்ள எடைக்குள் அடங்குகிறதா.

* இணைப்பு முனையின் பூட்டு முழுமையாக விழுந்துள்ளதா, காற்று பிரேக் குழாய்களும் மின் இணைப்பும் சரியாகப் பொருத்தப்பட்டுள்ளனவா.

* டயர்களின் காற்றழுத்தம், பின்புற விளக்குகள், சிவப்புப் பிரதிபலிப்பான்கள் சரியாக உள்ளனவா. இரவில் சாலையோரம் நிற்கும் டிரெய்லரைப் பின்னால் வருபவருக்குக் காட்டுபவை இவையே.

* சரக்கு சங்கிலியாலும் கம்பி வடத்தாலும் இறுகக் கட்டப்பட்டுள்ளதா. சிறிது தூரம் சென்ற பின் வாகனத்தை நிறுத்தி மீண்டும் ஒரு முறை இறுக்குவது அனுபவமுள்ள ஓட்டுநர்களின் வழக்கம்.

சரக்கை ஏற்றிய இடத்திலேயே எடை போட்டுவிட்டால், வரம்பை மீறிய சுமையை அங்கேயே குறைத்துக்கொள்ள முடியும். சோதனைச் சாவடியில் பிடிபட்ட பிறகு அதே சுமையை இறக்க ஆட்களையும், மாற்று லாரியையும், பாதுகாப்பான இடத்தையும் தேட வேண்டியிருக்கும். அபராதமும் தனியே சேரும்.